முழு லோடா, சாம்பிளா? மிக்ஸரில் எஃபெக்ட் இணைக்கும் பாடம்



கல்லூரி ஆண்டு விழா, ஹாஸ்டல் டே, ஊர்ப் பொங்கல் விழா, எஸ்டேட் பக்கத்துத் திருவிழா என்று எதை எடுத்துக்கிட்டாலும் மேடைக்கு எதிரே ஒரு மேஜை இருக்கும். அதன் மேல ஒரு மிக்ஸர், பக்கத்தில் மைக் செட் அண்ணன். மிக்ஸரைப் பார்த்தா நூறு திருகு இருக்கிற மாதிரி தெரியும். ஆனா அதில் பயப்பட ஒன்றுமில்லை. 16 சேனல் மிக்ஸரில் ஒரு சேனலைப் புரிஞ்சுக்கிட்டா மற்றதெல்லாம் ஏறக்குறைய அதே நகல்தான்.

உண்மையான சிக்கல் எங்கே ஆரம்பிக்குது என்றால், ரிவெர்ப், டிலே, கம்ப்ரஸர் மாதிரி எஃபெக்ட் கருவிகளை மிக்ஸரோடு சேர்க்கும்போதுதான். எந்த ஓட்டையில் செருகுவது? எங்கே திரும்ப வாங்குவது? ஃபேடருக்கு முன்னாடியா, பின்னாடியா? இதை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிறவங்க நிறைய. காரணம் தெரிஞ்சவங்க குறைவு. வழியைத் தப்பாப் போட்டா பாட்டு கொஞ்சம் கெடும், அது கூடப் பரவாயில்லை. "கடைசி ஜீப் பத்து மணிக்குக் கிளம்புது", "பச்சைச் சட்டை போட்ட குழந்தை மேடைக்குப் பின்னாடி நிக்குது" மாதிரி அறிவிப்பு எக்கோவில் கரைஞ்சு போனா, அதைக் கேட்க வேண்டியவருக்கு அது சத்தம் மட்டும்தான். அதனால இந்தப் பாடத்தை ஒரே ஒரு கேள்வியில் கட்டப் போறோம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா மீதி எல்லாம் தானா வரும்.

1. முதல்ல ஒரு சேனலின் பாதை

மைக்கில் இருந்து வருவது மிகச் சின்ன மின்னழுத்தம். பாடகர் நல்லாப் பாடினாலும் சில மில்லிவோல்ட்தான். மிக்ஸருக்குள்ள வேலை நடக்கிற அளவுக்கு லைன் லெவல் என்று பேர். தொழில்முறைக் கருவிகளில் அது சுமார் 1.23 வோல்ட். 4 மில்லிவோல்ட்டை அங்கே கொண்டு போக ஏறக்குறைய 300 மடங்கு, அதாவது சுமார் 50 டெசிபல் பெருக்கணும். சேனலின் உச்சியில் இருக்கிற 'கெயின்' திருகு செய்யும் வேலை இதுதான்.

அதற்கப்புறம் பாதை இப்படிப் போகும்:

மைக் → கெயின் → இன்சர்ட் → ஈக்யூ → ஃபேடர் → பேன் → குரூப் அல்லது மெயின் → ஆம்ப்ளிஃபையர் → ஸ்பீக்கர்

பெரும்பாலான சின்ன அனலாக் மிக்ஸர்களில் வரிசை இதுதான். இந்தப் பாதையில் நடுவே சில இடங்களில் கிளைச் சாலைகள் பிரியும். அவற்றுக்கு 'ஆக்ஸ்' என்று பேர். பல சேனல்களின் சிக்னல் வந்து கூடுகிற பொதுக் கம்பிக்குப் பேர் 'பஸ்'. மெயின் ஒரு பஸ், குரூப் ஒரு பஸ், ஒவ்வொரு ஆக்ஸும் ஒரு பஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பல ஊர்க்காரங்க வந்து ஒரே வண்டியில் ஏறுகிற மாதிரி.

2. அந்த ஒரு கேள்வி

போடியில் இருந்து முந்தல் வழியா மலை ஏறினா, போடிமெட்டில் தமிழ்நாடு–கேரள எல்லைச் செக்போஸ்ட் வரும். அந்த வழியாப் போகிற லாரி, சரக்கு மொத்தத்தோட அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆகணும். பாதி லாரி உள்ளே, பாதி லாரி வெளியே என்று போக முடியாது. கேட்டை மூடிட்டா எதுவுமே அந்தப் பக்கம் போகாது.

இப்ப அதே மலையில் விளைஞ்ச ஏலக்காயைப் பாருங்க. போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்குது. ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வியாபாரிகளுக்குக் காட்டுவாங்க. மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கும், சாம்பிள் மட்டும் கையில் போகும். எத்தனை லாட் வந்தாலும் ஒரே ஏலக் கூடம் போதும்.

மிக்ஸரில் எஃபெக்ட் இணைப்பதும் இந்த ரெண்டில் ஒன்றுதான்.

செக்போஸ்ட் மாதிரி, சிக்னல் முழுசும் கருவிக்குள்ள போய் வெளியே வந்தா அதுக்குப் பேர் இன்சர்ட்.

சாம்பிள் மாதிரி, அசல் அதன் பாதையில் போயிட்டே இருக்க, ஒரு நகல் மட்டும் கிளையில் கருவிக்குப் போனா அதுக்குப் பேர் செண்ட். கருவியில் இருந்து வருகிற விளைவை அசலோடு மறுபடி கலப்பதற்குப் பேர் ரிட்டர்ன்.

ஆக, எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: முழு லோடும் இதுக்குள்ள போகணுமா, இல்ல சாம்பிள் மட்டும் போதுமா?

3. இன்சர்ட்: முழு லோடு

ஒலியையே மாற்றி அமைக்கிற கருவிகள் இன்சர்ட்டில் வரும். கம்ப்ரஸர், கேட், தனி ஈக்வலைஸர் எல்லாம் இந்த வகை.

கம்ப்ரஸரை எடுத்துக்குவோம். த்ரெஷோல்ட் மைனஸ் 20 டெசிபல், ரேஷியோ 4:1 என்று வச்சிருக்கோம். பாடகர் உச்சஸ்தாயிக்குப் போகும்போது சிக்னல் மைனஸ் 8-க்கு ஏறுது. த்ரெஷோல்டைத் தாண்டினது 12 டெசிபல். 4:1 என்பதால் அது 3 டெசிபலாச் சுருங்கும். வெளியே வருவது மைனஸ் 17. ஆக 9 டெசிபல் அமுக்கியாச்சு.

இதையே செண்ட்டில் போட்டா என்ன ஆகும்? அமுக்கப்பட்ட நகல் ஒரு பக்கம் வரும், அமுக்கப்படாத அசல் மைனஸ் 8-லேயே மெயினுக்குப் போயிட்டே இருக்கும். பாடகர் கத்துகிற இடத்தில் கத்தல் அப்படியே கேட்கும். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே பைபாஸ் போட்ட கதை.

இணைக்கிற கேபிள்: பல அனலாக் மிக்ஸர்களில் இன்சர்ட் ஒரே கால் அங்குல ஜாக்தான். போவதும் வருவதும் அதுக்குள்ளேயே. அதனால ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் ரெண்டு மோனோ பின்னும் இருக்கிற 'ஒய்' கேபிள் வேணும். பெரும்பாலும் பின்னின் நுனி செண்ட், நடு வளையம் ரிட்டர்ன், அடிப்பாகம் கிரவுண்ட். சில மிக்ஸரில் மாறியிருக்கலாம் என்பதால் மிக்ஸர் மேல அச்சடிச்சிருப்பதைப் பார்த்துக்கோங்க.

ஒரு முக்கியமான விஷயம். இன்சர்ட் ஜாக்குக்குள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கு. எதுவும் செருகாதபோது செண்ட்டையும் ரிட்டர்னையும் அதுவே சேர்த்து வச்சிருக்கும். பின்னைச் செருகியதும் அந்த இணைப்பு விட்டுப்போகும். அதனால கேபிளைச் செருகி மறுமுனையைக் கருவியில் மாட்டாம விட்டாலோ, மாட்டின கருவிக்குக் கரண்ட் இல்லாம இருந்தாலோ அந்தச் சேனல் மொத்தமும் ஊமையாகிடும். "மைக் போச்சு" என்று மைக்கை மாற்றிட்டு இருப்பாங்க. கெயின் பக்கத்தில் சிக்னல் விளக்கு எரியுது, ஆனா ஃபேடரை ஏத்தினாலும் சத்தமே இல்லை என்றால் முதல்ல இன்சர்ட் கேபிளை உருவிப் பாருங்க.

வரிசையும் முக்கியம். கேட்டும் கம்ப்ரஸரும் ரெண்டும் போடணும் என்றால் வழக்கமா கேட் முதல்ல. கம்ப்ரஸர் உரத்த சத்தத்தை அமுக்கி, பிறகு மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்கும். அப்படித் தூக்கும்போது காற்றுச் சத்தம், பக்கத்து வாத்தியச் சத்தம் எல்லாம் சேர்ந்து எழும். அதற்கப்புறம் கேட் வச்சா எது பாட்டு, எது இரைச்சல் என்று பிரிக்க அதுக்கு இடைவெளியே கிடைக்காது.

4. செண்ட்: சாம்பிள்

ரிவெர்பும் எக்கோவும் ஒலியை மாற்றுவதில்லை. அசல் குரலுக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்குது. ஒரு மண்டபத்தில் பாடினா குரல் நேரா நம்ம காதுக்கு வரும், சுவர்களில் பட்டுத் திரும்பினது கொஞ்சம் பிந்தி வரும். நேரா வந்தது கெடாம இருக்கணும், திரும்பினது அளவாக் கலக்கணும். அதனால சாம்பிள் போதும்.

வரலாறும் இதையே சொல்லுது. 1947-இல் சிகாகோவில் ஒலிப்பொறியாளர் பில் புட்னம், ஹார்மோனிகேட்ஸ் குழுவின் ஒரு பாட்டுக்கு எதிரொலி சேர்க்கக் குளியலறையைப் பயன்படுத்தினார். உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பதிவு அறையில் இருந்து ஒரு நகல் ஸ்பீக்கருக்குப் போகும், அறையின் எதிரொலியை மைக் பிடிச்சுத் திரும்ப அனுப்பும், அது அசலோடு கலக்கும். செண்ட், ரிட்டர்ன் ரெண்டும் இதிலேயே இருக்கு பாருங்க. 1957-இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் கொண்டு வந்த 140 மாடல் பிளேட் ரிவெர்ப், அறைக்குப் பதிலா ஒரு பெரிய எஃகுத் தகட்டை அதிரவச்சது. அதன் எடை சுமார் 270 கிலோ. சேனலுக்கு ஒன்று வாங்கி வைக்க யாரால முடியும்? எல்லாச் சேனலும் ஒரே தகட்டுக்குச் சாம்பிள் அனுப்புவதுதான் வழி. இன்றைக்கு ரிவெர்ப் ஒரு சின்ன சிப்புக்குள்ள அடங்கிடுச்சு, ஆனா வழி மாறலை. பாடகர், குழல், வயலின் எல்லாரும் ஒரே ரிவெர்பைப் பங்கு போட்டா எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருக்கிற மாதிரியும் கேட்கும்.

இங்கே ரெண்டு விதிகள்.

விதி ஒன்று: கருவியில் 'வெட்' முழுசா வைக்கணும். எஃபெக்ட் கருவியில் ட்ரை/வெட் என்று ஒரு அளவு இருக்கும். ட்ரை என்றால் அசல், வெட் என்றால் விளைவு. செண்ட்டில் இணைச்சா வெட் 100 சதவீதம். அசல்தான் ஏற்கெனவே நேர்ப்பாதையில் போகுதே! கருவி வழியாகவும் அசல் வந்தா அது டிஜிட்டல் கருவிக்குள்ள நுழைஞ்சு வெளியேறுகிற நேரம் பிந்தும். 1 மில்லி செகண்ட் பிந்துது என்று வச்சுக்குவோம். 500 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 2 மில்லி செகண்ட். அதில் பாதிச் சுற்று பிந்தினா ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும், ரெண்டும் அடிச்சுக்கிட்டு மறையும். 500-இல் ஒரு பள்ளம், 1500-இல் ஒரு பள்ளம், 2500-இல் ஒரு பள்ளம். சீப்புப் பல் மாதிரி இருப்பதால் இதுக்கு 'கோம்ப் ஃபில்டர்' என்று பேர். குரல் குழாய்க்குள்ள இருந்து வருகிற மாதிரி கேட்கும்.

விதி ரெண்டு: எஃபெக்ட்டுக்குப் போஸ்ட், மானிட்டருக்குப் ப்ரீ. செண்ட்டை ஃபேடருக்கு முன்னாடியும் எடுக்கலாம், பின்னாடியும் எடுக்கலாம். முன்னாடி எடுத்தா ப்ரீ, பின்னாடி எடுத்தா போஸ்ட்.

ரிவெர்ப் செண்ட் ப்ரீயில் இருக்கு என்று வைங்க. பாடகரின் ஃபேடரை 10 டெசிபல் இறக்கறீங்க. குரல் 10 டெசிபல் இறங்கிடுச்சு, ரிவெர்ப் இருந்த இடத்திலேயே நிக்குது. பாடகர் திடீரென்று கிணற்றுக்குள்ள விழுந்த மாதிரி கேட்பார். ஃபேடரை முழுசா மூடினா குரலே இல்லாம எதிரொலி மட்டும் பேய் மாதிரி வரும். போஸ்ட்டில் இருந்தா ரெண்டும் சேர்ந்தே 10 டெசிபல் இறங்கும், விகிதம் மாறாது.

மானிட்டர் நேர் எதிர். பாடகர் காலடியில் இருக்கிற ஸ்பீக்கர் அவர் தன் குரலைக் கேட்க. கூட்டத்துக்காக நீங்க ஃபேடரை ஏத்தி இறக்கும்போதெல்லாம் அவர் காதில் கேட்பது மாறினா அவர் சுருதியைப் பிடிக்க முடியாது. போஸ்ட்டில் வச்சு ஃபேடரை ஏத்தினா மானிட்டரும் ஏறி, அதன் சத்தம் மைக்குக்குள்ள போய் 'கொய்ங்' என்று ஊளையிடவும் வாய்ப்பு உண்டு. அதனால மானிட்டர் எப்பவும் ப்ரீ.

5. ரிட்டர்ன்: திரும்பி வரும் வழியில் ஒரு பொறி

கருவியில் இருந்து வருவதை மிக்ஸரின் 'எஃபெக்ட் ரிட்டர்ன்' ஜாக்கில் வாங்கலாம், காலியா இருக்கிற ரெண்டு சேனல்களிலும் வாங்கலாம். சேனலில் வாங்கினா ஃபேடர் கிடைக்கும், ஈக்யூ கிடைக்கும், மியூட் பட்டன் கிடைக்கும். ரிவெர்பில் தேவையில்லாத அடிச்சத்தத்தை வெட்டிவிடலாம்.

ஆனா ஒரு பொறி இருக்கு. எக்கோ போகும் ஆக்ஸ் 4 என்று வைங்க. எக்கோ திரும்பி வருகிற சேனலிலும் ஆக்ஸ் 4 திருகு இருக்கும். அதைத் திறந்தா எக்கோவின் நகல் மறுபடி எக்கோ கருவிக்கே போகும். ஒரு சுற்றுக்கு 3 டெசிபல் குறைஞ்சா கவலை இல்லை, 20 சுற்றில் 60 டெசிபல் இறங்கி மெல்ல அடங்கிடும். ஒரு சுற்றுக்கு வெறும் 1 டெசிபல் கூடினா? 300 மில்லி செகண்ட் எக்கோ என்றால் 9 செகண்டில் 30 சுற்று. 30 டெசிபல் என்பது 30 மடங்குக்கும் மேல. ஸ்பீக்கருக்கும் ஆபத்து, முன்வரிசைக் காதுக்கும் ஆபத்து. ரிட்டர்ன் சேனலில் அதே ஆக்ஸ் எப்பவும் மூடியே இருக்கணும். அந்தத் திருகு மேல ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க, இருட்டில் கை தெரியாம பட்டாலும் திரும்பாது.

6. குரூப்: கூட்டுப் பாதை

நாலு பாடகர்களை ஒரே ஃபேடரில் பிடிக்கணும் என்றால் அவங்களைக் குரூப்புக்கு அனுப்பி, குரூப்பை மெயினுக்கு அனுப்பணும். இங்கே ரெண்டு இடம் கவனிக்கணும்.

ஒன்று, சேனலில் குரூப் பட்டனை அழுத்தினதும் மெயின் பட்டனை விடுவிக்கணும். ரெண்டும் அழுத்தி இருந்தா ஒரே குரல் ரெண்டு வழியா மெயினுக்கு வந்து 6 டெசிபல் வரை கூடும். குரூப் ஃபேடரை மூடினாலும் குரல் நிற்காது.

ரெண்டாவது கொஞ்சம் நுட்பம். போஸ்ட் செண்ட் என்பது சேனல் ஃபேடருக்குப் பின்னாடி, குரூப் ஃபேடருக்குப் பின்னாடி இல்லை. குரூப் ஃபேடரை இறக்கினா குரல் இறங்கும், ரிவெர்ப் இறங்காது. மறுபடி கிணறுதான். அந்த ரிவெர்ப் பாடகர்களுக்கு மட்டும் என்றால் அதன் ரிட்டர்னையும் அதே குரூப்புக்கு அனுப்பிடுங்க. அப்ப ஒரே ஃபேடரில் ரெண்டும் இறங்கும்.

7. மலைச்சரிவில் டிலே: கருவி ஒன்று, இணைப்பு வேறு

இதுவரை படிச்சதில் இருந்து "கம்ப்ரஸர் என்றால் இன்சர்ட், டிலே என்றால் செண்ட்" என்று எழுதி வச்சுக்கத் தோணும். எழுதாதீங்க. கருவியின் பேரைப் பார்த்து இணைக்கக்கூடாது, வேலையைப் பார்த்துத்தான் இணைக்கணும். நம்ம மலையே இதுக்கு நல்ல உதாரணம்.

ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரியில் செகண்டுக்குச் சுமார் 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். சாயங்காலம் 15 டிகிரி இருக்கிற மேட்டில் சுமார் 340 மீட்டர். 35 டிகிரி வெயிலில் கீழே போடியில் சுமார் 352.

மேட்டில் ஒரு நீளமான மைதானம். மேடையில் இருந்து 60 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் ரெண்டாவது ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க. மின்சாரம் கண்ணிமைக்கும் முன்னே அங்கே போயிடும். மேடை ஸ்பீக்கரின் ஒலியோ காற்றில் நடந்து வரணும், 60-ஐ 340-ஆல் வகுத்தா 176 மில்லி செகண்ட். பின்வரிசையில் இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தடவை கேட்கும். எதிர்ச்சரிவில் இருந்து வருகிற எதிரொலி வேற. சரிவு 170 மீட்டர் தள்ளி இருந்தா போக வர 340 மீட்டர், சரியா 1 செகண்ட் கழிச்சு மூணாவது தடவை கேட்கும். மலையை நாம நகர்த்த முடியாது. ஆனா கம்பத்து ஸ்பீக்கரைச் சரி பண்ணலாம்: அதுக்குப் போகிற சிக்னலை 176 மில்லி செகண்ட் பிந்த வைக்கணும்.

இப்ப நம்ம கேள்வியைக் கேளுங்க. முழு லோடா, சாம்பிளா? கம்பத்து ஸ்பீக்கருக்குப் பிந்தாத சிக்னல் ஒரு துளி கூடப் போகக்கூடாது. ஆகவே முழு லோடு. டிலே கருவி அந்த அவுட்புட்டில் இன்சர்ட் மாதிரி நேர்வழியில் உட்காரணும், வெட் 100 சதவீதம். பாட்டுக்கு எக்கோ போட்ட அதே வகைக் கருவி, இணைப்பு மட்டும் தலைகீழ்.

176-க்கு மேல இன்னொரு 10 முதல் 15 மில்லி செகண்ட் சேர்ப்பது வழக்கம். ஒரே ஒலி ரெண்டு திசையில் இருந்து சின்ன இடைவெளியில் வந்தா, முதல்ல வந்த திசையில் இருந்துதான் சத்தம் வருது என்று காது நம்பும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் இதை விளக்கினார், அதனால ஹாஸ் விளைவு என்பாங்க. அந்தச் சின்ன இடைவெளி இருந்தா பின்வரிசைக்காரருக்குச் சத்தம் கம்பத்தில் இருந்து வந்தாலும் பேச்சாளர் மேடையில் பேசுகிற மாதிரியே தோணும். அதே செட்டைக் கீழே 35 டிகிரிக்குக் கொண்டு வந்தா 60 மீட்டருக்கு 170 போதும். மலை ஏறி இறங்கினா கணக்கும் மாறும்.

கம்ப்ரஸருக்கும் இதே நியாயம். பறையின் அடி முழு வீச்சோட இருக்கணும், அதன் மெல்லிய ரீங்காரமும் தூக்கலாக் கேட்கணும் என்றால், வேணும் என்றே செண்ட்டில் கம்ப்ரஸர் போட்டு அசலோடு கலப்பாங்க. அதுக்குப் பேர் பேரலல் கம்ப்ரஷன். அங்கே பைபாஸ் போட்டதே நோக்கம்.

8. ஒரு விழாவுக்கான வரைபடம்

நாலு ஆக்ஸ், நாலு குரூப் இருக்கிற 16 சேனல் மிக்ஸர் என்று வச்சு ஒரு திட்டம்:

சேனல் 1, 2: பாடகர்கள். இன்சர்ட்டில் கம்ப்ரஸர். குரூப் 1–2.
சேனல் 3: பேச்சு மைக். இன்சர்ட்டில் கம்ப்ரஸர். நேரா மெயின். எஃபெக்ட் செண்ட் பூஜ்யம்.
சேனல் 4: புல்லாங்குழல். குரூப் 3–4.
சேனல் 5, 6: பறை, தபேலா. குரூப் 3–4.
சேனல் 7: கிட்டார், டிஐ பாக்ஸ் வழியா. குரூப் 3–4.
சேனல் 9–10: கீபோர்டு. குரூப் 3–4.
சேனல் 11–12: லேப்டாப். நேரா மெயின்.
சேனல் 13–14: ரிவெர்ப் ரிட்டர்ன். மெயின்.
சேனல் 15–16: எக்கோ ரிட்டர்ன். குரூப் 1–2.
ஆக்ஸ் 1, 2: மானிட்டர்கள், ப்ரீ.
ஆக்ஸ் 3: ரிவெர்ப், போஸ்ட். ஆக்ஸ் 4: எக்கோ, போஸ்ட்.

ரிவெர்பைக் குழலும் பாடகர்களும் பங்கு போடுவதால் அது மெயினுக்கு. எக்கோ பாடகர்களுக்கு மட்டும் என்பதால் அவங்க குரூப்புக்கு. ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடியுதா பாருங்க, அதுதான் பாடம் புரிஞ்சதுக்கு அடையாளம்.

சேனல் 3-ஐ மறுபடி பாருங்க. பேச்சுக்கு எக்கோவே கூடாது. திறந்த மைதானத்தில் மலை தருகிற எதிரொலியே போதும், அதுக்கு மேல நாமும் சேர்த்தா ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மறைக்கும். பாட்டு முடிஞ்சு பாடகரே தன் மைக்கில் அறிவிப்பு சொல்ல ஆரம்பிச்சா, உடனே 13 முதல் 16 வரை மியூட் அழுத்தணும். நிகழ்ச்சி நேரத்தில் ஒரு கை அந்த மியூட் பட்டன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

9. கேபிள், லெவல், எர்த்

கிட்டார் பெடல் மாதிரிக் கருவிகளும் வீட்டு உபயோகக் கருவிகளும் தாழ்ந்த லெவலில் வேலை செய்யும். வீட்டுக் கருவிகளின் அளவு சுமார் 0.316 வோல்ட், தொழில்முறை லெவலைவிட ஏறக்குறைய 12 டெசிபல் குறைவு. மிக்ஸரின் முழு லெவலை அதுக்குள்ள தள்ளினா கரகரன்னு உடையும். செண்ட் மாஸ்டரை இறக்கிக் கொடுத்து, வருவதை ரிட்டர்னில் ஏத்திக்கோங்க. கருவியின் இன்புட் மீட்டர் உச்சத்தில் சிவப்பைத் தொடாம இருக்கணும்.

கருவியை இணைச்சதும் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தா பெரும்பாலும் கிரவுண்ட் லூப். மிக்ஸருக்கும் கருவிக்கும் ரெண்டு வேறு இடத்தில் இருந்து கரண்ட் எடுத்திருப்பாங்க, எர்த் ரெண்டு வழியா வளையமாகிடும். ரெண்டையும் ஒரே பவர் போர்டில் போடுங்க, முடிஞ்ச இடத்தில் பேலன்ஸ்டு கேபிள் போடுங்க, டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை மாற்றிப் பாருங்க. ஆனா இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றவே கூடாது. கருவிக்குள்ள கசிவு வந்தா அந்தக் கரண்ட் போக வேறு வழி இல்லாம மைக்கின் உலோக உடல் வரை வரும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று பாடுகிறவர் கையில் அந்த மைக் இருக்கும். இரைச்சலோட ஒரு நிகழ்ச்சி நடந்தா யாரும் சாகமாட்டாங்க, எர்த் இல்லாம நடந்தா சாகலாம்.

ஆன் பண்ணும்போது மிக்ஸர், எஃபெக்ட், கடைசியா ஆம்ப்ளிஃபையர். ஆஃப் பண்ணும்போது ஆம்ப்ளிஃபையர் முதல்ல.

10. டிஜிட்டல் மிக்ஸர் வந்தாலும்

2012-இல் வந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர்களில் கேபிளே இல்லாம எஃபெக்ட் இணைக்கலாம். அதில் 16 மிக்ஸ் பஸ், 8 எஃபெக்ட் இடங்கள். அந்த எட்டில் முதல் நாலைச் செண்ட்டாவும் வைக்கலாம், இன்சர்ட்டாவும் வைக்கலாம். மீதி நாலும் இன்சர்ட் மட்டும். ஆக, திரையைத் தொட்டு எஃபெக்ட் தேர்ந்தெடுத்ததும் அது கேட்பதும் நம்ம கேள்விதான். லேப்டாப்பில் ரெக்கார்டிங் மென்பொருள் திறந்தாலும் இதே. நம்ம தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் இருந்து போன இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைச்ச காலத்தில், வாத்தியக்காரர்களும் பாடகர்களும் ஒன்றாக இருந்து ஒரே டேக்கில் வாசிச்சுப் பாடுவதுதான் பொதுவான வழக்கம். ஒலிப்பொறியாளர் வழியைத் தப்பாப் போட்டா அத்தனை பேரும் மறுபடி முதலில் இருந்து வாசிக்கணும். இன்றைக்குப் பதிவில் அந்த நெருக்கடி இல்லை. மேடையில் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு, அங்கே ரெண்டாவது டேக் கிடையாது.

பயிற்சிக் கேள்விகள்

1. பாடகரின் ஃபேடரை முழுசா மூடியும் எக்கோ கேட்குது. ஏன்?
2. மைக் நல்லாத்தான் இருக்கு, சிக்னல் விளக்கும் எரியுது, மெயினில் சத்தம் இல்லை. முதல்ல எதைப் பார்ப்பீங்க?
3. 15 டிகிரியில், மேடையில் இருந்து 85 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர். ஹாஸ் கூட்டலைச் சேர்க்காம டிலே எவ்வளவு?
4. பாடகி தன் மானிட்டரிலும் கொஞ்சம் ரிவெர்ப் கேட்கிறார். எந்தத் திருகு?

விடைகள்: 1. எக்கோ செண்ட் ப்ரீயில் இருக்கு, போஸ்ட்டுக்கு மாற்றணும். 2. இன்சர்ட் கேபிள். 3. 85-ஐ 340-ஆல் வகுத்தா 250 மில்லி செகண்ட். 4. ரிவெர்ப் ரிட்டர்ன் சேனல் 13–14-இல் அவருடைய மானிட்டர் ஆக்ஸ், அதாவது ஆக்ஸ் 1 அல்லது 2. கொஞ்சமா, ஏன்னா மானிட்டரில் ரிவெர்ப் கூடினா ஊளை சீக்கிரம் வரும். அதே சேனலில் ஆக்ஸ் 3-ஐ மட்டும் தொடவே கூடாது.

அடுத்த விழாவுக்குச் சவுண்ட் டீமில் சேருகிறவங்க கேபிள் பெட்டியைத் திறக்கும் முன்னாடி ஒரு வெள்ளைத்தாளில் மேலே இருக்கிற மாதிரி வரைபடம் போடுங்க. ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் 'முழு லோடு' அல்லது 'சாம்பிள்' என்று எழுதுங்க. எழுத முடியாத கருவி ஏதாவது மிஞ்சினா, அதை அன்றைக்கு இணைக்க வேண்டாம்.